சட்டையை இழுத்துவிட்ட கை

மார்ச் 4, செவ்வாய்

பேக்கரியிலிருந்து அழைப்பு. வரிசையில் நிற்பவன் இடுப்பில் துப்பாக்கி தெரிகிறதாம். போனேன். நம்ம கோடி ஹஃப்மன். மேல்தட்டை எட்டியதில் சட்டை ஏறிவிட்டது.

"தம்பி, சட்டைய இழுத்து விடு. ஊருக்கே காட்டணுமா?" என்றேன். இழுத்துவிட்டு இளித்தான். எனக்கும் ஒரு டோனட் வாங்கினான்.

துப்பாக்கி தெரிவது எங்கள் ஒஹாயோவில் குற்றமில்லை. ஒளித்து வைத்துக்கொள்பவர்களுக்குத்தான் மானம் போகும், உள்பாவாடை எட்டிப் பார்த்த மாதிரி. விடுப்பு நாளில் நானும் அப்படித்தான் வைத்திருப்பேன். கடையில் கை சும்மா சும்மா சட்டை நுனிக்குப் போகும். "போலீஸ்காரம்மா, சட்டை எங்கயும் ஓடிப் போயிடாது" என்று என் வீட்டுக்காரர் ரஸ் கேலி செய்வார். கட்டிய நாளாக இதே கேலி.

மார்ச் 7

இன்று எழுத வேண்டாம்.

மார்ச் 8

எழுதாமல் தூக்கம் வரவில்லை.

நேற்று ஹார்டுவேர் கடை. "துப்பாக்கியோட ஒரு ஆளு" என்றது வயர்லெஸ். அவ்வளவுதான் தகவல். அவர் பெயர் எமெட் டாலிவர் என்பது அப்புறம் தெரிந்தது. எழுபது இருக்கும். குனிந்து பறவைத் தீனி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கோட்டு மேலே ஏறி, இடுப்பில் துப்பாக்கி உறை தெரிந்தது. பக்கத்தில் மனைவி.

"சார்!" என்று கத்தினேன். ஏன் கத்தினேன்?

திரும்பினார். என் கண் போன இடத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. வெட்கம். எனக்குத் தெரியாத வெட்கமா அது? கோட்டை இழுத்துவிடக் கையைக் கொண்டுபோனார்.

நான் துப்பாக்கியை உருவி அவர் நெஞ்சுக்கு நீட்டிவிட்டேன். "கையத் தூக்கு! தூக்குய்யா!"

தூக்கினார். மூட்டை விழுந்து உடைந்தது. "அவரு மூடத்தாம்மா பாத்தாரு, சுட்றாதம்மா" என்று அந்த அம்மாள் அழுதார். பெரியவரின் பேன்ட் நனைந்தது. கடையே பார்த்தது.

அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன்; எல்லாம் சரியாக இருந்தது. போகச் சொன்னேன். அவர் கீழே சிதறிக் கிடந்த தீனியைப் பார்த்துவிட்டு, "இதப் பெருக்கிட்டுப் போகட்டுமா ஆபீசர்?" என்றார். என்னிடம் அனுமதி கேட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சீ.

மார்ச் 9

சார்ஜென்ட் ப்ரூபேக்கர் தோளில் தட்டினார். "இடுப்புக்குக் கை போனா உருவணும். அப்படித்தானே பழகியிருக்கோம்? சரியாத்தான் செஞ்ச."

கோடியின் கையும் இடுப்புக்குத்தான் போனது. சட்டையை இழுத்துவிடச் சொன்னதே நான்தான்.

மார்ச் 12

"வேணும்னேவா செஞ்ச? விடு, ஜோலீன்" என்கிறார் ரஸ். வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் இன்னும் கேவலம். யோசிக்கும் முன்பே என் கை செய்துவிட்டது.

கோடிக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? தெரியும். எழுதக் கூசுகிறது — கோடி வெள்ளைக்காரன், பெரியவர் கறுப்பர். எழுதிவிட்டேன். வேறு ஒன்றுமே இல்லை.

மார்ச் 14

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். "பைத்தியமா உனக்கு? தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டா அவங்க வக்கீல் உன்ன விடுவானா?" என்றார் சார்ஜென்ட். வேலை போனாலும் போகட்டும். அந்த மனிதரிடம் ஒரு தடவை "நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல" என்று சொல்லியாக வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

போனேன். சீருடை இல்லை, துப்பாக்கியும் இல்லை. தேவாலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள் போல; டை கட்டியபடியே வந்து கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

இரண்டு கையையும் தூக்கினார்.

"சார், ஐயோ, கைய இறக்குங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"சரிம்மா. மன்னிச்சாச்சு." கை இறங்கவில்லை.

உள்ளேயிருந்து மனைவி யாரென்று கேட்டார். "யாருமில்ல. நீ உள்ளயே இரு, வெளிய வராத" என்றார், என்மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குமேல் என்ன சொல்ல? படியிறங்கி வந்து காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். நான் தெருமுனை திரும்பும்வரை அவர் கையை இறக்கவே இல்லை.