எட்டாம் பாகத்தில் என் முழங்கால்

டிசம்பர் 28

ஆன்சி லீவில் வந்து நாலு நாளாகிறது. வந்த பிள்ளை வீட்டில் தங்குகிறதா? ஸ்ரீரங்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சருக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கக் கிளம்பினேன், கூடவே ஒட்டிக்கொண்டாள். திரும்பும்போது அம்மா மண்டபம் படித்துறைக்கு இழுத்துப்போனாள்.

"தண்ணி வரைக்கும் இறங்கும்மா. என்னைப் பார்க்காத."

செல்போனில் வீடியோ எடுக்கிறாளாம். என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் இறங்கினேன். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது காலை முதலில் வைத்து, அப்புறம் வலது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து... ஏறி வந்தால் மறுபடி இறங்கச் சொல்கிறாள். மூன்றாவது தடவை திட்டிவிட்டேன். பெற்றவள் நொண்டுவதைப் படம் எடுத்து யாருக்குக் காட்டப்போகிறாய்? சிரிப்புதான் பதில்.

மார்ச் 9

இன்று போனில் விஷயம் வெளியே வந்தது. அவளுடைய கிராபிக்ஸ் கம்பெனிக்குக் கிடைத்திருப்பது அந்த டைனோசர் படம். எட்டாம் பாகம்! கம்ப்யூட்டரில் உருவாக்கிய மிருகங்களை நடக்க வைப்பது இவள் வேலை. ஆற்றங்கரையில் வரும் ஒரு காட்சி முழுக்க இவள் கையால் ஆனதாம். ரிலீஸ் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள்.

சொல்லவில்லை. ரோசம்மாளிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் எங்கள் அன்பியத்தின் தலைவி. மாதாமாதம் தெருக்காரர்கள் ஒன்றுகூடி ஜெபிப்பதே அவர் வீட்டில்தான். அவரிடம் சொல்வது மைக்கில் சொல்வது மாதிரி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஜூன் 8

பூசை முடிவில் பங்குச்சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். மூன்று ஜோடிகளின் கல்யாண அறிவிப்பு. அடுத்து, நம் டெல்பின் டீச்சர் மகள் வேலை செய்த ஆங்கிலப் படம் வருகிறது, வரும் ஞாயிறு அன்பியத்தோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் ரோசம்மாளிடம் பெயர் கொடுக்கவும் என்றார். கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது. கழுத்து வலிக்கும் அளவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 13

படம் வெளியாகிவிட்டது. ஆன்சி போனில் அழுகிறாள்.

உலகமே காறித் துப்புகிறதாம். "போகாதம்மா. என் பேர்கூட வராது, கம்பெனி பேரு மட்டுந்தான் போடுவாங்க." வேலையை விட்டுவிட்டு வருகிறாளாம், பாங்க் பரீட்சை எழுதுகிறாளாம்.

என் வீட்டுக்காரர் ரெஜிஸ், வரட்டுமே, பக்கத்தில் இருப்பாளே என்கிறார். இவருக்கு எல்லாமே வரட்டுமேதான். பாங்க் பரீட்சை, பாங்க் பரீட்சை என்று படித்துப் படித்துச் சொன்னவள் நான். இப்போது அவள் வாயிலேயே வருகிறது. எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? இப்படி வெட்கப்பட்டுக்கொண்டா வர வேண்டும் என் பிள்ளை?

ஜூன் 14

போகத்தான் வேண்டும். ஓலையோடு ஓலையாக வாசித்தாகிவிட்டது.

ஜூன் 15

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். படம் மட்டம்.

அந்தத் தீவுக்குப் போகாதே என்று ஏழு படமாகச் சொல்லியிருக்கிறார்கள், எட்டாவதிலும் போகிறார்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு, எப்படி வெளியே வந்தது என்று விஞ்ஞானி கேட்கிறார். தமிழ்க் குரல் கொடுத்தவர்களுக்கே தூக்கம் வந்திருக்க வேண்டும். எங்கள் அன்பியத்து அற்புதசாமி அண்ணன் இடைவேளைக்கு முன்பே குறட்டை. முன் வரிசையில் எவனோ கொட்டாவியை ராகம் போட்டு விட்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேரையும் நான்தானே கூட்டிவந்தேன்?

அப்புறம் ஆறு வந்தது.

கூட்டம் முழுக்க அக்கரைக்குப் போய்விட்டது, ஒரு கிழட்டு டைனோசர் மட்டும் மேட்டில் நிற்கிறது. இறங்க வேண்டும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பியது. இடது காலை முதலில் வைத்தது. வலது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து நின்றது. மறுபடி இடது கால். தியேட்டரில் சத்தமே இல்லை. தண்ணீரைத் தொட்டதும் நின்று, யாராவது பார்த்துவிட்டார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தது.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் பார்க்கும் பார்வை.

ரோசம்மாள் என் கையைப் பிடித்தார். "டீச்சர், அது நீங்கதானேங்க?"

பின்னால் எல்லோரும் குசுகுசுவென்று அதையே சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. அது அக்கரை சேர்ந்ததும் கை தட்டினார்கள். முன் வரிசைக் கொட்டாவிக்காரனும் தட்டினான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே லைட்டைப் போட்டு நிறுத்திவிட்டார்கள். கம்பெனி பெயர்கூட வரவில்லை. போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். படம் குப்பைதான் என்று முதலில் சொல்லிவிட்டேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

"அது நான்தானே?" என்றேன்.

"அது எப்படி நடக்கணும்னு ஆபீஸ்ல எல்லாரும் யானை வீடியோ பார்த்தாங்க. எனக்கு உன் ஞாபகந்தாம்மா வந்துச்சு. கோவமா?"

கோபமா! எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமையில் அழுவது என்றால் என்னவென்று இன்றுதான் தெரிந்தது. அதைப் போனில் காட்டிக்கொள்வேனா?

"வேலையை விட்டுட்டு வந்தே, வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்றேன்.

ஜூன் 17

சொன்னது அதிகமோ? இரண்டு நாளாகப் போன் இல்லை.

ஜூன் 20

ஆபீஸில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஆபீஸில் இருக்கிறாள்! அது போதும் எனக்கு.

செப்டம்பர் 24

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் மூட்டு ஆபரேஷன் முடிந்து இன்று நடக்கவிட்டார்கள். நேராக நடங்க, நேராக நடங்க என்று ஒரு சின்னப்பெண் அதட்டுகிறாள். என் பழைய நடை எந்தப் படத்தில் வருகிறது தெரியுமா என்று கேட்டேன். பார்த்தாளாம், மோசமாம். ஆற்றுக் காட்சி மட்டும் நன்றாயிருந்ததாம். அதற்கப்புறம் அவள் சொன்ன இடத்துக்கெல்லாம் நடந்தேன்.

டிசம்பர் 27

ஆன்சி வந்திருக்கிறாள். மறுபடி அம்மா மண்டபம். ரெஜிஸ் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார், வேண்டாம் என்றேன். படிக்கு ஒரு கால், ஊர் உலகம் இறங்குவது போல இறங்கினேன். தண்ணீரைத் தொட்டதும் பழக்கதோஷத்தில் அக்கம்பக்கம் பார்த்தேன்.

மேல் படியில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒன்பதாம் பாகமாம். மறுபடியும் அதே தீவாம்.

இந்தத் தடவை நான் திட்டவில்லை. எத்தனை தடவை இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.