பாக்கியம் அக்காவின் மாத்திரை

மார்ச் 12, செவ்வாய்.

தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்துபோன என் மனைவி சில நாளாக எந்நேரமும் தூங்கி வழிகிறாள். என் பேச்சின் மகிமை என்று நினைத்துச் சிரித்தேன்.

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் சீனியைப் போல மாத்திரையும் இரவல் போகும். இன்று மாலை பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் பாக்கியம் அக்கா, "நான் குடுத்த தூக்க மாத்திரை நல்லாத்தான் கேக்குது" என்றார்.

"எத்தனைங்க குடுத்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான், கவிதா அப்பா."

இந்த வியாதிக்குத் தூக்க மாத்திரை ஆபத்து என்று இரத்தினபுரி டொக்டர் சிங்களத்தில் சொன்னதை இவளுக்கு அன்றே தமிழில் சொல்லியிருந்தேன். அக்காவுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

உள்ளே ஓடிப் பார்த்தேன்; மனைவியின் தலையணைக்கடியில் தூக்க மாத்திரையின் ஒரு முழு அட்டை காலியாகக் கிடந்தது. அவள் கை சில்லென்றிருந்தது.

"விடியட்டும்ங்க" என்று குழறினாள்.

அக்காவையும் நம்பவில்லை, இவளையும் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். அது வரும்வரை இதை எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை அவளைக் கூப்பிடுகிறேன். இன்னும் "ம்" என்கிறாள்.