தேனை வடிக்க வேண்டாம்

ரொம்சோஸ், ஒஸ்லோ
6 மே 2025

அன்புள்ள மிதுனாவுக்கு,

நலம் விசாரிப்பது பிறகு. முதலில் எழுந்து போய், தேன் எடுக்கும் றெபேக்காவிடம், தேனை வடிக்க வேண்டாம் என்று சொல்லும். மெல்லிய துணியும் வேண்டாம், நீர் வாங்கிக் கொடுத்த அந்த வலையும் வேண்டாம். புகையைக் குறைக்கவும் தேவையில்லை. தங்கள் வீட்டுக்கு எப்படி எடுப்பார்களோ அப்படியே எடுக்கட்டும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசியும்.

சொல்லியாயிற்றா? நல்லது, இனி முறைப்படி தொடங்குகிறேன். நானும் மகள் தக்சியும் இங்கு நல்ல சுகம். நீரும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். உங்கள் கிராமத்துத் தொலைபேசிக் கோபுரம் மழையில் சாய்ந்ததிலிருந்து நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் உம்மிடம் வந்து சேராமல் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நிற்கின்றன. உம்மோடு அந்தக் காட்டில் வேலை செய்யும் ஜோனாஸ் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை தன்சானியாவுக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தொலைக்க மாட்டேன் என்று மூன்று தரம் சொல்ல வைத்துத்தான் விட்டேன். மனிதர் கொஞ்சம் பயந்துவிட்டார்.

தக்சிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பதினேழாம் திகதி தேசிய தின ஊர்வலத்துக்குப் பாடசாலை வாத்தியக் குழுவில் கொர்னெட் குழல் ஊதப் பழகுகிறாள். பல்லுப் போன இடத்தால் பாதிக் காற்று வெளியே போகிறது. கீழ்வீட்டுக்காரர் படியில் என்னைக் கண்டால் சிரிக்கிறார், ஆனால் முன்னைப்போல் நின்று கதைப்பதில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். பெப்ரவரியில் தொலைபேசியில் நீர் அழுததை நான் மறக்கவில்லை. மே இருபத்தைந்தில் உங்கள் ஊர்க்கூட்டம். அதற்குள் தேனை வாங்க உறுதியான ஆள் இருக்கிறது என்று காட்டாவிட்டால், காட்டின் தெற்குப் பக்கத்தைக் கரி வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றீர். நீர் மாதக்கணக்காக நாடா சுற்றி அளந்த மரங்களை எல்லாம் வெட்டி, மண் மூடிப் புகைய விட்டு, மூட்டை மூட்டையாக நகரத்து அடுப்புகளுக்கு ஏற்றிவிடுவார்கள். நிற்கிற மரம் எனக்கு என்ன சமைத்துத் தரும் என்று றெபேக்கா உம்மிடம் கேட்டதையும் சொன்னீர். அவ கேட்டதில் பிழை இல்லை. தேன் விற்றால் தேனெடுப்பவர்களின் சங்கத்தைக் கட்டியெழுப்ப நான் இன்னும் இரண்டு வருடம் நிற்க வேண்டிவரும், விற்காவிட்டால் யூனில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றும் அதே அழைப்பில் மெதுவாகச் சொன்னீர். அதுவும் எனக்கு நன்றாகக் கேட்டது.

சித்திரைப் புத்தாண்டு விழாவில் நடந்தது உமக்கு இன்னும் தெரியாது. ரொம்மன் பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டு, நீர் இரண்டாவதாக அனுப்பிய தேனை அடுக்கி வைத்தேன். நல்ல பொன்னிறம். போத்தலுக்குப் பின்னால் கையை வைத்தால் ரேகை தெரியும். குரோன்லாண்டில் இறக்குமதிக் கடை வைத்திருக்கும் கரோலினா, முதல் அனுப்பிய தேன் கறுப்பு, புகை மணக்கிறது, பாணில் பூச ஆள் வராது என்றதும் அதை நான் உமக்குச் சொல்லி, நீர் றெபேக்கா ஆட்களுக்குச் சொல்லி, எல்லோருமாகப் பாடுபட்டுப் பளிங்காக்கிய தேன் அல்லவா. எனக்கு அப்படி ஒரு பெருமை. புதுச் சேட்டு வேறு போட்டிருந்தேன்.

முதலில் வந்தவர் எங்கள் மூன்றாம் மாடி அருளானந்தன் அண்ணை. முதியோர் சங்கத் தலைவர். வாகரைக் காட்டுத் தேனில் வளர்ந்த உடம்பு இது என்று சந்திக்கும்போதெல்லாம் சொல்லுவாரே, அவரேதான். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

எங்கள் ஆட்களுக்குத் தேனைச் சோதிக்காமல் வாங்கத் தெரியாது என்பதை நாங்கள் இருவரும் எப்படி மறந்தோம்? தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசினார், நல்ல தேனென்றால் பற்றுமாம், பற்றவில்லை. தீப்பெட்டி ஈரம் என்று நான் சத்தியம் செய்தேன். அதற்குள் ஒருவர் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு சொட்டு விட்டு, கரைகிறது பார் என்றார். இன்னொருவர் நிகழ்ச்சி நிரல் தாளில் ஊற்றிப் பின்பக்கம் ஊறுகிறதா என்று தடவிப் பார்த்தார். ஒரு அக்கா எறும்பு விட்டுப் பார்க்கச் சொன்னா. சித்திரை மாதம், வெளியே மூலைக்கு மூலை இன்னும் பனி கிடக்கிறது, ஒஸ்லோவில் நான் எறும்புக்கு எங்கே போவேன்? கடைசியில் அண்ணை போத்தலை மேசையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, இது சீனிப்பாகு. உம்மடை மனுசியை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

ஒரு போத்தல்கூடப் போகவில்லை, மிதுனா. உமது அக்கா கோபிகா மச்சாள்தான் பெட்டிகளில் திரும்ப அடுக்க உதவி செய்தா. அடுக்கிக்கொண்டே சொன்னா, விடும் நிதர்சன், எல்லாம் நல்லதுக்குத்தான், விக்காட்டி அவள் யூனிலை வீட்டை வந்திடுவாள்தானே என்று. உமக்கு ஏன் ஒளிப்பான், அன்றைய வேலையில் ரயில் ஓட்டிக்கொண்டு வெஸ்ட்லி நிலையம் போகும்வரை அந்தச் சொல்லையே மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். இனித்தது.

பிறகுதான் போன புதன்கிழமை எங்கள் குடியிருப்பின் வசந்த டுக்னாட், அதுதான் நம்மூர்ச் சிரமதானம், வந்தது. வழக்கம்போல எல்லா வீட்டுக்காரரும் இறங்கிப் பற்றை வெட்டி, சருகு வாரி, நிலவறைக் களஞ்சியங்களைக் காலியாக்கினோம். நீர் நிற்கும் வாஃபிள் மேசையில் இம்முறை கோபிகா மச்சாள் நின்றா. உடைந்த சறுக்குக் கட்டை, தக்சியின் பழைய தள்ளுவண்டி எல்லாவற்றையும் கொண்டுபோய்க் குப்பைக் கொண்டெய்னருக்குள் போட்டேன். மூலையில் ஒரு வாளி கிடந்தது. நீர் முதல் அனுப்பிய இரண்டு வாளியில் மிஞ்சியது. கரோலினா வேண்டாம் என்ற தேன். அதையும் எறியத் தூக்கியபோது மூடி கழன்றுவிட்டது.

அருளானந்தன் அண்ணை அப்பால் சருகு வாரிக்கொண்டு நின்றவர். வாரியைப் போட்டுவிட்டு வந்தார். குனிந்து மணந்து பார்த்தார். தேன் கறுப்பு, மேலே மெழுகுத் துண்டும் ஒரு தேனீயின் செட்டையும் மிதக்கிறது, புகை மணம் மூக்கில் அடிக்கிறது. விரலை விட்டு நக்கினார். பிறகு சொசேஜ் சுடுகிற இடத்துக்குப் போய்த் தீப்பெட்டியோடு வந்தார். குச்சியைத் தோய்த்து உரசினார், மிதுனா, அதுவும் பற்றவில்லை! நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணை தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த நாட்டுத் தீப்பெட்டி ஒண்டுக்கும் உதவாது என்று தூர எறிந்தார்.

"இது தேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீர் பார்த்திருக்க வேண்டும். மச்சாளின் வாஃபிளை வாங்கி ஆளுக்கு ஆள் வாளிக்குள் தோய்த்தார்கள். இரண்டாம் மாடிச் சோமாலியத் தாய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மேலே ஓடிப்போய்க் கோப்பை எடுத்து வந்தா. குடியிருப்புத் தலைவர், அந்தச் சிரிக்காத நோர்வேக்காரர், இரண்டாவது வாஃபிளோடு வரிசையில் நின்றார். இது எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்.

அந்த இடத்தில் நான் சும்மா நின்றிருக்கலாம். பழைய வாளி, முடிந்துவிட்டது, இனி வராது என்று சொல்லியிருந்தால் விசயம் அதோடு அடங்கியிருக்கும். யூனில் நீர் வந்திருப்பீர். அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் கரி வியாபாரியின் லொறி ஊருக்கு வந்து நின்ற அந்தப் பெப்ரவரி நாளில் உமது குரல் எப்படி இருந்தது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அந்தக் குரலோடு நீர் வீட்டுக்கு வந்து இந்தக் குசினியில் நின்றால் நான் என்ன செய்வேன்? கையைக் கழுவாமலே கரோலினாவுக்கு அழைப்பு எடுத்தேன். அவ வந்து மக்கள் வாளியை வழிப்பதைப் பார்த்துவிட்டு, தான் இவ்வளவு நாளும் பிழையான ஆட்களுக்கு விற்க நினைத்துவிட்டதாகச் சொன்னா. உரிய பத்திரங்களோடு தானே இறக்குமதி செய்வதாகவும் ஒத்துக்கொண்டுவிட்டா.

நேற்று முன்தினம் ஞாயிறு எங்கள் முதியோர் சங்கக் கூட்டம். நான் நின்று விளக்கினேன். உம்மிடம் கேட்டதை எல்லாம் எனக்கே தெரிந்தது மாதிரிச் சொன்னேன். முன்பு முழு மரத்தின் பட்டையை உரித்துக் கூடு செய்ததால் மரம் செத்துப்போகும் என்றும், இப்போது பலகைப் பெட்டி கட்டுகிறார்கள் என்றும், பெண்கள் இருபது அடி உயரத்தில் ஏறித் தேன் எடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். இருபது அடி சரிதானா என்று எழுதும். ஒருவர் எழும்பி, காட்டை எரிச்சுக் கரி விக்கிற சனத்துக்கு நாங்கள் ஏன் உதவ வேணும் என்று கேட்டார். அருளானந்தன் அண்ணைதான் திரும்பி அவரைப் பார்த்தார்.

"இடம்பெயர்ந்து கிடந்த காலத்திலை நாங்கள் என்னத்தை வித்துச் சோறு திண்டனாங்கள்? விறகு. அது ஆரின்ரை காடு எண்டு ஆரும் கேட்டனீங்களே?"

முடிவு இதுதான். சங்கம், கோவில், கரோலினாவின் கடை மூன்றும் சேர்ந்து இந்த அறுவடைத் தேன் முழுவதையும் எடுக்கின்றன. கோவிலில் அபிசேகத்துக்கும் இதுதானாம். கடிதத்தோடு வரும் தாளில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. அதை ஊர்க்கூட்டத்தில் தூக்கிக் காட்டும். றெபேக்காவின் கையில் கொடுத்துக் காட்ட வைத்தால் இன்னும் நல்லது. நேற்று வேலையில் இதையே நினைத்துக்கொண்டு போய் ஸ்தொவ்னர் நிலையத்தில் ரயில் கதவு திறக்கப் பிந்திவிட்டேன். கண்ணாடியில் தட்டிய கிழவருக்கும் தேன் பற்றிச் சொன்னேன்.

இனி, தாளின் அடியில் ஒரு நிபந்தனை இருக்கும். கவனமாக வாசியும். முதல் தேன் ஒஸ்லோவுக்கு வரும்போது, அதை எடுத்த மரத்தைத் தன் கண்ணால் கண்ட ஒருவர் கூடவே வந்து, சங்கத்தின் முன் நின்று சொல்ல வேண்டும். ஏகமனதான தீர்மானம். இவ்வளவு சோதனை செய்கிற ஆட்கள் இதைக் கேட்பது நியாயம்தானே. யார் முன்மொழிந்தது என்று கேட்பீர். வழிமொழிந்தவர் அருளானந்தன் அண்ணை. முன்மொழிந்தவர் தன் பெயரைத் தாளில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கோபிகா மச்சாள் கூட்டம் முடிந்து வெளியே வந்து, ஏன் இப்பிடிச் செய்தனீர், இனி அவள் ரெண்டு வருசம் அங்கைதானே என்று கேட்டா. நான் நிபந்தனையைக் காட்டினேன். வாசித்துவிட்டு என் தோளில் தட்டினா. கண் கலங்கியிருந்தது, குளிர் என்று சொன்னா.

நீர் திரும்பிப் போகத்தான் வேண்டும், தெரியும். விடுமுறை விட்டதும் தக்சியையும் கூட்டிக்கொண்டு நாங்களே அங்கு வருவோம். அவளுக்கு நீர் நாடா சுற்றும் மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்க்க வேணுமாம், தன் கை எட்டுமா என்று. ஆனாலும் முதல் வாளியோடு நீர் வாரும். அதற்குள் அவளுக்குப் பல் முளைத்துவிடும். விமான நிலையத்தில் கொர்னெட்டோடு நிற்பாளாம், நீர் வெளியே வரும்வரை நிறுத்த மாட்டாளாம். அங்கே நிற்கிறவர்களின் காதை நினைத்தாவது பிந்தாமல் வாரும்.

உங்கள் காடு மழைக்குத் துளிர்த்துப் பூத்து நிறைய நிற்கட்டும். றெபேக்கா ஆட்களின் பெட்டிகள் எல்லாம் நிரம்பட்டும். காடு அங்கேயே இருக்கட்டும் மிதுனா, நீர் மட்டும் ஒருக்கால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போம்.

என்றும் அன்புடன்,
நிதர்சன்