மூன்றாம் தண்ணிக்குப் பிறகும் எடுக்காத மாத்திரை

என் உசுரே முத்துராணி,

எங்கே இருந்தாலும் உனக்குப் பிள்ளை நினைப்புதான் இருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் மகள் சத்யா மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்று உன் மாமியார் எச்.ஐ.வி. மாத்திரையையும் சேர்த்து எடுத்து ஒளித்துவிட்டாள். உனக்கு அம்மை கண்டபோது செய்த அதே வேலை. அன்றைக்கும் இப்படித்தான் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு என்னை உள்ளே விடாமல் நின்றாள். மறக்குமா எனக்கு?

தலைக்கு மூன்று தண்ணி ஊற்றி அம்மை இறங்கியும் மாத்திரை தொடரவில்லை. கேள்விப்பட்டதும் நம்ம மாரியூரிலிருந்து உன் மாமியார் ஊரான சிக்கலுக்கு ஓடினேன். பிள்ளைக்குக் காய்ச்சல். கழுத்தில் நெல்லிக்காய் போலக் கட்டிகள்.

“அது ஆத்தா இறங்குன சூடு. மாத்திரை இல்லாமத்தேன் புள்ள தெளிவா இருக்கா,” என்றாள் உன் மாமியார்.

“எம் மகளும் தெளிவாத்தேன் இருந்தா. அப்புறம் நாலு பேரு தூக்குனாக,” என்றேன்.

சத்யாவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா விளக்கினார். மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் ஒளிந்திருந்த கிருமி எழுந்துவிடுமாம். உடம்பு அதோடு சண்டைக்குப் போகுமாம். காய்ச்சலும் கட்டியும் அந்தச் சண்டைதானாம். சண்டை போடும் அணுக்களுக்குள்ளேயே கிருமி குடியேறி, கடைசியில் உடம்பு களைத்துப்போகுமாம். யாரோ ஒருவர் இருவருக்குத்தான் மாத்திரை இல்லாமல் உடம்பே கொஞ்ச காலம் தாங்குமாம். அது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம்.

உனக்கும் கழுத்து வீங்கியதா, ராணி? என்னிடம் ஏன் காட்டவில்லை?

சத்யா அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள். “அது நானா இருக்கக் கூடாதா அம்மாச்சி? நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து தின்னுட்டேன். கொஞ்ச நாளைக்கு நோயாளியா இல்லாம இருந்துக்கிறேனே.”

அடிக்கக் கை ஓங்கினேன்.

வாங்கி வந்த மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறது. காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது. ஜெயித்துவிட்டதாகச் சிரிக்கிறாள். உனக்கும் இப்படித்தானே இறங்கியது?

அந்த வீட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்று உன்னைப் புதைத்த அன்று சத்தியம் செய்தேன். நாளைக்கு அதை முறிக்கிறேன். உன் மாமியாரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சாகும்வரை மன்னிக்க மாட்டேன். ஆனாலும் அவள் போடும் சோற்றைத் தின்றுகொண்டு உன் மகள் பக்கத்திலேயே கிடப்பேன். தினமும் மாத்திரையை நீட்டுவேன். வாங்குவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் மறுபடி கழுத்து வீங்கினால் தொட்டுப் பார்க்க ஒரு கை இருக்கும். உனக்கு இல்லாமல் போனது அது.

உன்னைப் பெற்றவள்,
சத்யாவின் அம்மாச்சி