சோம்பேறிக் கண்ணிலிருந்து ஒரு துணுக்கு

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை அக்கா காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டாள். அது மேசை முழுக்க ஓடி, அவள் கணவரான மாமாவின் செய்தித்தாளை நனைத்து, தரையில் சொட்டியது. "கோப்பைய யாரு நகத்துனது?" என்று எங்கள் இருவர் மீதும் பாய்ந்தாள். யாரும் நகர்த்தவில்லை. "நான்தான்மா, கை பட்டுருச்சு" என்று மாமா உடனே பழியை ஏற்றுக்கொண்டார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் அக்காவுக்கு அது தெரியவில்லை.

போன வருடம் அவள் நடத்தும் பார்லரில் தலை அலசும் தொட்டி அடைத்துக்கொண்டது. அடைப்பை நீக்க அதில் ஊற்றிய மருந்து பொங்கி அவள் இடது கண்ணில் தெறித்தது. அன்றிலிருந்து அந்தக் கண்மேல் வெள்ளையாக ஒரு படலம். வலது கண் பிறந்ததிலிருந்தே மந்தம், டாக்டர்கள் அதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. பார்லர் பூட்டிக் கிடக்கிறது. மாமா மட்டும் தன் வேலை முடிந்ததும் போய், ஷட்டரைத் தூக்கி, நாற்காலிகளைத் துடைத்துவிட்டு வருகிறார். "வாடிக்கையாளருங்க வந்தா தூசியா இருக்கக் கூடாதுல்ல?" என்கிறார். எந்த வாடிக்கையாளர் மாமா?

நாளை மறுநாள் வலது கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துணுக்கு எடுக்கப் போகிறார்கள். பார்வைதான் மந்தமே தவிர அந்தக் கண்ணின் மேல்தோலுக்கு ஒரு குறையும் இல்லை. அதன் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து இடது கண்ணில் ஒட்டவேண்டும். பதினைந்து வருடமாக நான் அந்த ஆய்வகத்தில் செய்யும் வேலையே அதுதான்.

மார்ச் 4

சொந்தக்காரர்களின் செல்லை நாங்கள் தொடக் கூடாது, அது எங்கள் ஆய்வக வழக்கம். ஆனால் ஒருத்தி பிரசவ விடுப்பில் இருக்கிறாள். மிச்சம் நானும் என் சக ஊழியர் ஆமையும்தான். அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"செய்வியா?"

"செய்றேன் டாக்டர்."

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாரு, போதும். பாசத்துல அடிக்கடி வெளிய எடுத்துப் பாக்காத. இந்தக் கண்ணுல மறுபடி வெட்ட முடியாது. வெட்டுனா இருக்கிற பார்வையும் போயிடும். புரியுதா?"

புரியாமல் என்ன? புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

மார்ச் 5, வியாழன்

எடுத்தாயிற்று. எள்ளில் பாதிகூட இல்லை. அதையும் இரண்டாக நறுக்கினேன். யாரோ ஒரு தாய் தன் பிரசவத்தின்போது தானமாகத் தந்த பனிக்குடச் சவ்வை இரண்டு தட்டுகளில் விரித்து, தட்டுக்கொரு துணுக்காக வைத்தேன். ஒரு தட்டு புது இன்குபேட்டரில், செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டி அது. ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று மற்றது பழைய பெட்டியில். அந்தப் பழைய பெட்டியின் கதவு இறுக்கம், திறக்கத் தோள்பட்டை வேண்டும். யாரும் பக்கத்தில் போவதில்லை.

ஆமையைப் பற்றி எழுதியதே இல்லையே. என்னைவிட மூத்தவர், ஒரு குழாயை மூட எடுக்கும் நேரத்தில் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். பெயர் நான் வைத்ததுதான். அவருக்கும் தெரியும்.

அக்கா மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இத்தன வருஷம் சும்மா உக்காந்து தின்ன கண்ணு, இப்பவாவது வேல செய்யுமா?"

மார்ச் 7

ஒன்றுமில்லை. இரண்டு தட்டிலும்.

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டன!

புதுப் பெட்டியின் தட்டில், துணுக்கின் விளிம்பிலிருந்து வெளியே காலை நீட்டிக்கொண்டு ஒரு வரிசை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. பதினைந்து வருடமாக எத்தனையோ பேருடைய செல்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் இவை என் அக்கா. ஒன்று உடலை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டு பளிச்சென்று மின்னியது, இரண்டாகப் பிரியப் போகிறது என்று அர்த்தம். கை தட்டியிருப்பேன், ஆமை பக்கத்தில் இருந்தார்.

பழைய பெட்டியின் தட்டு வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்தத் துணுக்கு பிழைக்காது என்று தோன்றுகிறது. அதற்கு மீடியம் மாற்றும் வேலையை ஆமையிடம் கொடுத்துவிட்டேன். மீடியம் என்றால் செல்களுக்கு நாங்கள் ஊற்றும் சாப்பாட்டுத் தண்ணீர்.

மார்ச் 10

பார்க்கவேண்டிய நாள் இல்லை. பார்த்தேன். ஒரு நிமிடம்தான்.

மார்ச் 11

சாயங்காலம் அக்காவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கதை சொன்னேன். இப்போதெல்லாம் அவள் கேட்கும் கதை இது ஒன்றுதான்.

"ஒவ்வொரு செல்லுக்கும் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. எத உள்ள விடணும், எத வாசல்லயே நிறுத்தணும்னு அதுக்குத் தெரியும்."

"உங்க மாமாவுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுதே. எந்த விற்பனைக்காரன் வந்தாலும் உள்ள கூப்பிட்டு காபி குடுக்கிறாரு."

மாமா செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

உள்ளே சின்னச் சின்ன அடுப்புகள் எரிவதை, அதில் வரும் சக்தியில்தான் எல்லா வேலையும் நடப்பதைச் சொன்னேன். நடுவிலிருக்கும் கருவைப் பற்றியும் சொன்னேன். முழு உடம்பையும் கட்டுவதற்கான குறிப்பு ஒவ்வொரு செல்லின் கருவிலும் இருக்கிறது. ஆனால் கண்ணின் செல் கண்ணுக்கு வேண்டிய பக்கங்களை மட்டும்தான் படிக்கும்.

அக்கா தலையைப் பின்னால் சாய்த்தாள். "அப்போ அதுக்கு ஈரல் செய்யவும் தெரியும். ஆனா அடுத்தவங்க வேலைல மூக்க நுழைக்காது. உன்ன மாதிரி இல்ல."

சிரித்துச் சிரித்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 12

காலையில் பார்த்தேன். மதியம் பார்த்தேன். கிளம்பும்போதும் ஒரு முறை. அக்காவிடம் சொல்ல ஏதாவது வேண்டாமா? அவள் காத்திருப்பாளே. "சாப்பிட்டீங்களா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டேன், வாய்விட்டு. ஆமை திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 13

மீடியம் ஊதாவாகத் திரும்பியிருக்கிறது.

ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கவேண்டியது. பெட்டிக்குள் அளவாக நிரம்பியிருக்கும் வாயுவும் சூடும் இருந்தால்தான் அந்த நிறம் நிற்கும். வெளியே எடுத்து எடுத்து வைத்தால்—

செல்கள் நீட்டிய காலை இழுத்துக்கொண்டுவிட்டன. வரிசை முன்னேறவில்லை. சில உருண்டையாக மிதக்கின்றன. இந்த உருண்டை பிரிவதற்கான உருண்டை இல்லை. பிடியை விட்டுவிட்டன.

நான்தான். வேற யாரு? அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு குளிர்ல எடுத்து வச்சு ரசிச்சது யாரு? மீடியத்தை மாற்றினேன். வீட்டில் அக்கா கேட்டாள், "என்ன பண்ணுதுங்க இன்னைக்கு?" நன்றாக இருக்கின்றன என்றேன். என் காது சிவந்திருக்கும்.

மார்ச் 14

பெரிய டாக்டர் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "எத்தன தடவ எடுத்த?" என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என்மேலயும் இருக்கு. உன்கிட்ட குடுத்திருக்கக் கூடாது. நீ வீட்டுக்குப் போ."

பழைய பெட்டியின் தட்டைப் பற்றிக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்?

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தடவித் தடவி, ஓரம் ஓரத்தோடு சேர. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது துணுக்கு எடுக்க முடியாது என்பதையும் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அது எங்கே நம் கையில்?

அவள் கை நின்றது. முகத்தில் இரத்தமே இல்லை. பார்லர் இல்லாத ஒரு வாழ்க்கையை அவள் அந்த நொடியில் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மாமா வாசலில் நின்றவர் அப்படியே நின்றார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தா நீ என்ன பண்ணுவ தெரியுமா?" என்றாள். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நெத்தியத் தொட்டுப் பாப்ப. தூங்கவே விடமாட்ட. உனக்காகவே சீக்கிரம் எழுந்து உக்காந்துடுவேன். பாவம், அதுங்களுக்கு எழுந்து ஓட கால் இல்ல."

"திட்டு அக்கா. நல்லா திட்டு."

"திட்டுனா கண்ணு வருமா?" என்றாள். பிறகு குரல் உடைந்து, "கோவமா இருக்குடி. ரொம்பக் கோவமா இருக்கு. ஆனா நீதான். என்ன பண்றது?"

மடித்த துணியை என் மடியில் வைத்தாள். "இன்னொரு தட்டு இருக்குன்னு சொன்னியே, அது என்னாச்சு?" என்றாள்.

அது பிழைக்காது என்று நானே முடிவுகட்டியதைச் சொன்னேன். "நீயா முடிவு பண்ணுனியா, போய்ப் பாத்தியா?" என்றாள்.

மார்ச் 16

ஆய்வகக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகவில்லை. ஆமையைக் கூப்பிட்டு, "பழைய பெட்டித் தட்டு?" என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றினார், ஒவ்வொரு விரலாக. எனக்கு உயிரே போய்விட்டது.

"இத்தன நாள் மீடியம் மாத்துனதோட சரி. இன்னைக்குத்தான் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தேன். ஓரம் வரைக்கும் வந்திருக்கு."

"எது?"

"உங்க அக்கா."

மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைக் காட்டினார். சவ்வு தெரியவில்லை, அத்தனை செல்கள். கூழாங்கல் பதித்த தரைபோல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடைவெளியே இல்லாமல். ஆரோக்கியமான செல்களின் குணம் அது, பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நகர்வதை நிறுத்திக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. தாமதமாகத்தான் கிளம்பியிருக்கின்றன. ஒன்பதாம் தேதி நான் பார்த்தபோது நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

"எப்படிங்க?" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணல. சாப்பாடு குடுத்தேன். கதவ மூடுனேன்." கையுறையை மடித்துக்கொண்டே, "அந்தக் கதவத் திறக்க எனக்கும் சோம்பேறித்தனம்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடு வராந்தாவில் அழுதேன். பாவம், பதறிப்போய்விட்டார். இனி அவரை அந்தப் பெயரில் கூப்பிட வாய் வருமா? வரும். ஆனால் வேறு குரலில்.

மார்ச் 20, வெள்ளி

ஒட்டியாயிற்று. சவ்வோடு சேர்த்து, வெள்ளைப் படலத்தை உரித்துவிட்டு அதன் இடத்தில். இனி நான் செய்ய ஒன்றுமில்லை. நெற்றியைக்கூடத் தொடவில்லை.

ஏப்ரல் 12

கட்டு இல்லை. ஆனால் ஒரே மங்கல். கூச்சம், எரிச்சல், எல்லோர் மீதும் பாய்ச்சல். மாமாவின் சமையல் மீதுதான் அதிகம், அதற்குக் கண் வேண்டாம். பெரிய டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். என்ன தெரிகிறது என்று நான் கேட்பதில்லை. நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுகிறேன்.

ஜூன் 2

கேட்காமலேயே சொன்னாள்: "சுவத்துல பல்லி."

சுவரில் பல்லி இருந்தது! அதை யாரும் விரட்டக் கூடாது என்று மாமா உத்தரவு போட்டிருக்கிறார்.

ஜூலை 19

டாக்டரின் எழுத்து அட்டையில் கடைசிக்கு முந்தைய வரி வரை படித்தாளாம். மாமாதான் கூடப் போனார். நான் வேலையில் இருந்தேன். வேண்டுமென்றேதான் இருந்தேன்.

செப்டம்பர் 14, திங்கள்

பார்லர் திறந்தாயிற்று. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சின் மூலையில், நாளிதழ் ஒன்றை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்தேன். ஓர் அம்மாள் தலையைக் கொடுத்திருந்தார். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதோரம் கத்தரியை ஓட்டினாள். ஒரு தயக்கம் இல்லை. கத்தரியின் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. சத்தம் வராமல்தான் அழுதேன்.

"பெஞ்சுல என்னடி அழுக?"

அவள் திரும்பவில்லை. கத்தரி நிற்கவில்லை. எதிரே இருந்த கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூசி அக்கா" என்றேன்.

"ரெண்டு கண்ணுலயுமா?"

அந்த அம்மாள் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டார். "ஆடாதீங்கம்மா" என்று அவரை அதட்டிவிட்டு, அக்கா மறுபடி வெட்ட ஆரம்பித்தாள்.