பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

புனேயின் புத்தகக் கடைத் தெருவான அப்பா பல்வந்த் சௌக்கில் இருக்கும் பைண்டர் கடையில் இன்று காலை ஒரு புதுப் புத்தகத்தின் முதுகை வெட்டக் கொடுத்தேன். கத்தி இறங்கும் சத்தம் கேட்டது. கூடவே அந்தப் பசை வாசனை வந்தது, மைதாவும் மயில்துத்தமும் கலந்து கொதித்த வாசனை. நீ பக்கத்தில் நின்று என் தோளை இடித்து, "போச்சுட்டி, இன்னொரு புஸ்தகத்தக் கொன்னாச்சு" என்று சொல்வாய் என்று ஒரு கணம் காத்திருந்தேன். ஸ்கேனர் தாளைத் தானாக இழுத்துக்கொள்ள வேண்டுமானால் புத்தகத்தைத் தனித்தனித் தாளாக்கத்தான் வேண்டும். அது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நீ அதைச் சொல்லாமல் விட்டதில்லை. இன்று கடைக்காரர்தான் பேசினார். தாள் கலையாமல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மராத்தியில் சொல்லிக் கையில் கொடுத்தார்.

அப்போதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அறைக்கு வந்து ஸ்கேனரைப் போட்டேன், நிறுத்தினேன். டீ சொன்னேன், குடிக்கவில்லை. வராந்தாவில் நடந்தேன். இன்று சாயங்காலத்துக்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நூலகத்தில் நம் அறையில் இத்தனை வருடமாகச் சேர்ந்த கணினிக் கோப்புகள் எல்லாவற்றையும் புது வகைப் பேசும் புத்தகங்களாக மாற்றப் போகிறார்கள். அதற்காக வந்திருக்கும் பெண்மணி, எல்லாக் கோப்பிலும் பக்கத்துக்குப் பக்கம் 'பக்கம்' என்று ஏதோ ஒரு குப்பை வார்த்தை ஆங்கில எழுத்தில் கிடக்கிறதே, மொத்தமாக எடுத்துவிடலாமா என்று நேற்றுக் கேட்டார். குப்பை என்றதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எடுக்கலாமா கூடாதா என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அது உன் வார்த்தை. அதனால்தான் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீ என்னிடம் முதலில் பேசவே இல்லை, என் அம்மாவிடம்தான் பேசினாய், ஞாபகம் இருக்கிறதா? எம்.ஏ. வரலாறு சேர்ந்த புதிது. தேஹு ரோடிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து அம்மாவும் நானும் வந்திருந்தோம். பல்கலைக்கழக நூலக கவுன்டரில் நாங்கள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு உள்ளேயிருந்து நீ எழுந்து வந்தாய். அம்மாவைப் பார்த்து, "யாரும்மா இவளுக்கு வாசிச்சுக் குடுப்பா?" என்றாய். திருநெல்வேலிப் பேச்சு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"கேக்கறத என்னக் கேளுங்க. கண்ணுதான் தெரியாது. காது கேக்குது, வாய் இருக்குது" என்றேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். நீ கொஞ்சமும் அசரவில்லை. "சரி, ஒன்னயே கேக்கேன். யாரு வாசிப்பா?"

நீயும் என் வயதுக்காரிதான், இங்கேயே கட்கியில் வளர்ந்தவள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் உன் வீட்டு டேப் ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாய்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிப்பாய். அந்த நாடாக்களில் உன் குரலோடு டீக்காரரின் கிளாஸ் சத்தமும், மழைக்காலமானால் தகரக் கூரைச் சத்தமும் இருக்கும். வீட்டில் போட்டுக் கேட்டால், வெந்து புழுங்கிக்கொண்டு நீ பெருமூச்சு விடுவதுகூடக் கேட்கும். வரி வசூல் பற்றிய புத்தகத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. வாக்கியத்தின் நடுவில் பக்கம் மாறியதும் நீ பாட்டுக்கு ஆங்கிலத்தில் பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாய். அந்த எண்ணை வாக்கியத்தோடு சேர்த்துக் கேட்டு, ஒரு பர்கணா வட்டத்தில் அத்தனை கிராமங்கள் இருந்தன என்று நான் தேர்வில் எழுதி வைத்தேன். அந்தக் கிராமங்களை எங்கே கண்டுபிடித்தாய் என்று ஆசிரியர் விடைத்தாளின் ஓரத்தில் கேட்டிருந்தார். அதை நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். வாசித்து முடிக்க முடியாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து பக்க எண்ணை மட்டும் தமிழில் சொல்ல ஆரம்பித்தாய். ஆங்கிலம் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று "பக்கம் எரநூத்திப் பதினஞ்சு" என்று ஊர்ப்பேச்சு வரும், மறுபடி ஆங்கிலம் ஓடும். அதன்பிறகு எந்த எண்ணும் எந்த எண்ணோடும் குழம்பவில்லை. புனேயில் அப்படியொரு புத்தகத்தை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மேலே இருந்து உத்தரவு வந்து, உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த பின்கட்டு அறையை ஒழித்து, ஒரு ஸ்கேனரும் திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருளும் வைத்தார்கள். ஊனமுற்ற மாணவர்களுக்கான பிரிவு என்று வாசலில் பலகை மாட்டினார்கள். அங்கே வேலை பார்க்க யாரும் வரவில்லை, நீ போனாய். நூலகப் புத்தகங்களை வெட்ட முடியாது. கண்ணாடி மேல் கவிழ்த்து, மூடியைக் கையால் அழுத்தி, ஒவ்வொரு பக்கமாக எடுப்பாய். அந்த இயந்திரம் எழுத்துகளைத் தப்பும் தவறுமாகப் படித்து மாடர்ன் இந்தியாவை எல்லா இடத்திலும் மோடம் இந்தியா ஆக்கிவிடும். நீ வரிவரியாகத் திருத்துவாய். நான் பேச்சின் வேகத்தை முழுக்க ஏற்றிவைத்துக் கேட்பேன். "இது என்னட்டி, கோழி கேறுத மாதிரி இருக்கு. இதுல ஒனக்கு என்ன புரியுது?" என்பாய்.

திருத்தும்போதே பக்க எண்களையும் எடுத்துவிட்டாய். ஒவ்வொரு பக்கத் தலையிலும் வரும் புத்தகப் பெயரும் எண்ணும் வாக்கியத்தை நடுவில் வெட்டின. எனக்குச் சுகமாக இருக்கட்டும் என்று அதையெல்லாம் துடைத்தாய். என்னைக் கேட்கவில்லை. கோப்பு தடங்கல் இல்லாமல் ஓடியது. நானும் ஏன் என்று யோசிக்கவில்லை.

எம்.ஃபில். ஆய்வேடு எழுதி முடித்தபோதுதான் வினை வந்தது. அப்பா ராணுவ டெப்போவிலிருந்து ஓய்வு பெற இருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சொந்த ஊரான வேலூர்ப் பக்கம் போய்விடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்குள் பட்டம் வந்து ஒரு வேலை கிடைத்தால் நான் இங்கே தங்கலாம். இல்லையென்றால் மூட்டைகளோடு மூட்டையாக என்னையும் ரயில் ஏற்றிவிடுவார்கள். அந்த நிலையில் வழிகாட்டிப் பேராசிரியர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்தார். மேற்கோள் எல்லாம் சரி, அடிக்குறிப்பில் ஒன்றில்கூடப் பக்க எண் இல்லையே என்றார். எப்படி இருக்கும்? என் புத்தகங்களுக்குப் பக்கமே கிடையாது.

அவர் நல்ல மனிதர். உடனே அவரே ஒரு வழியும் சொன்னார். இந்த மாணவிக்கு மட்டும் பக்க எண்ணிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று தான் எழுதித் தருவதாகவும், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். உனக்கு அப்படியொரு நிம்மதி. வெளியே வந்ததும், "எழுதி வாங்கிருவோம்ட்டி, கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு" என்றாய்.

நான் மாட்டேன் என்றேன். அந்தக் காகிதத்தோடு வெளியே போனால் எந்தக் கல்லூரியிலும் என் பட்டத்தை அரைப் பட்டமாகத்தான் எடை போடுவார்கள் என்றேன். நீ நின்றுவிட்டாய். இவ்வளவு உழைத்தும் கடைசியில் பழி உன்மேல் விழுகிறது என்று உனக்குப் பட்டிருக்க வேண்டும்.

"ஒனக்காவத்தானட்டி எடுத்தேன்" என்றாய்.

"எனக்காகன்னு நீயே முடிவு பண்ணாத. என்னக் கேளு. மொத நாளே சொன்னேன்ல?"

கடுமையாகத்தான் சொன்னேன். அதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை என்பது உனக்குத் தெரியும். வருத்தப்படாதே என்று நீயே சொன்னாய், ஆனால் அது பல மாதம் கழித்து. அன்றைக்கு விடுவிடென்று நடந்துவிட்டாய். இரண்டு நாள் ஆளைக் காணோம்.

மூன்றாம் நாள் மேசைமேல் புத்தகங்கள் பொத்தென்று விழுந்தன. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வந்திருந்தாய். ஒன்றை ஒரு பேராசிரியர் பாணேரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். பஸ் ஏறிப் போய் அவர் வீட்டு வாசலில் நின்று வாங்கி வந்திருந்தாய். "உக்காரு. நான் ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி நாலு வார்த்தையச் சொல்லுதேன். நீ கோப்புல தேடிப் பிடிச்சு நம்பரப் போடு" என்றாய். மன்னிப்பும் கேட்கவில்லை, கோபமும் காட்டவில்லை.

அலுவலகம் திறக்கும் முன் கொஞ்சம், ஞாயிறு ஆராதனை முடிந்து உன் கட்கி வீட்டில் கொஞ்சம் என்று உட்கார்ந்தோம். முதலில் ஆங்கிலத்தில் 'பேஜ்' என்று அடித்து எண்ணைப் போட்டேன். பிறகு தேடும்போது அந்த வார்த்தை புத்தகத்துக்குள்ளேயே வரும் இடத்தில் எல்லாம் போய் நின்றது. நான் கீபோர்டைக் குத்தினேன். நீ ஏதோ கொறித்துக்கொண்டே சொன்னாய்: "பக்கம்னு அடியேன்ட்டி. எந்த வெள்ளக்காரன் புஸ்தகத்துல பக்கம்னு வரும்?"

அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் பக்கம் என்று அடித்து, எண்ணைப் போட்டுத் தேடினால், நேராக அங்கே போய் நின்றது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பரிசோதகர் என்னைச் சோதிக்க நினைத்து ஒரு மேற்கோளைச் சொல்லி, எங்கே இருக்கிறது என்றார். நான் கணினியில் தேடி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி என்றேன். அவர் அச்சுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தாள் புரளும் சத்தத்தை நான் அனுபவித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரிதான் என்றார். வாசலில் நின்ற நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

கல்லூரி வேலை கிடைக்கவில்லை. நம் அறையிலேயே, உன் எதிர் நாற்காலியில் வேலை கிடைத்தது. அப்பா அம்மா ரயில் ஏறினார்கள், நான் தங்கினேன். வருகிற ஒவ்வொரு மாணவரிடமும் என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று அவரையே கேட்பது என்று வழக்கம் வைத்தோம். பதிப்பாளர்களோடு நான் சண்டை போடுவேன், நீ சமாதானம் பேசுவாய். அறையிலிருந்து வெளியே போன எந்தக் கோப்பும் பக்கம் இல்லாமல் போகவில்லை. மராத்திப் பிள்ளைகள் வகுப்பில் எண்ணுக்கு முன்னால் பக்கம் சேர்த்துச் சொல்லப் பழகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு அந்த மழைக்காலக் காய்ச்சல். நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். வரவில்லை. சர்ச்சில் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், எழுந்து நின்றேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் யாரோ, பாவம், இனி இந்தப் பெண் எப்படிச் சமாளிப்பாளோ என்று என்னைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேலும் கோபம். ஒரு பொருளாதாரப் புத்தகத்தைப் பாதித் திருத்தத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தாய்.

இப்போது வந்திருக்கும் புது வகைப் புத்தகத்தில் பக்கம் என்று ஒரு வார்த்தை தேவையில்லை. ஒரு விசையை அழுத்தி எண்ணைச் சொன்னால் போதும், அதுவே போய் நிற்கிறது. எனக்கு அது நேற்றே புரிந்துவிட்டது. இருந்தும் மனம் ஒப்பவில்லை. உன்னில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்று தோன்றியது. இருக்கட்டும், மாணவர்களுக்கும் அது பழக்கம்தானே என்று சொல்லிவிடலாம் என்று வராந்தாவில் நடந்துகொண்டே முடிவு செய்தேன். செய்த கையோடு என் குரலே எனக்குக் கேட்டது. எனக்காகன்னு நீயே முடிவு பண்ணாத.

மூன்று மணிக்கு சாகணிலிருந்து வரும் பெண் வந்தாள், இன்று காலை வெட்டிய புத்தகத்துக்குச் சொந்தக்காரி. பார்வை இல்லாதவள், முதலாம் ஆண்டு, என்னைவிட வாய் அதிகம். வார்த்தை இருக்கட்டுமா, எடுக்கட்டுமா என்று கேட்டேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "எடுத்துடுங்க அக்கா" என்று மராத்தியில் சொன்னாள். "வேகமாகக் கேட்கும்போது நடுவில் வந்து இடிக்கிறது. இத்தனை நாள் இதைப் பற்றி எங்களை யாருமே கேட்கவில்லை."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாய். அந்தப் பெண்மணியை அழைத்து எடுத்துவிடச் சொன்னேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாக் கோப்பிலிருந்தும் போய்விட்டது.

இப்போது சோதிப்பதற்காக என் பழைய வரலாற்றுப் புத்தகத்தை ஓடவிட்டிருக்கிறேன். கோழி கேறும் வேகம்தான். பக்கம் முடியும் இடத்தில் குரல் ஒரு மூச்சு அளவுக்கு நிற்கிறது. அந்த இடைவெளி வரும்போதெல்லாம், நான் சொல்லாமலே என் வாய் சொல்கிறது. நூத்திப் பத்து. நூத்திப் பதினொண்ணு. வேலூர்க்காரி வாயில் திருநெல்வேலிப் பேச்சு. பக்கம் நூத்திப் பன்னெண்டு.