நூற்றிருபது பேரின் திருப்தி

2.2.2026, திங்கள்
எழுந்ததும் பால் காய்ச்சக்கூட இல்லை, வினாத்தாள்களை எண்ணினேன். நூற்றிருபது. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரை போகும் 8.10 பஸ்ஸில் ஆனந்தவள்ளியிடம் கட்டாகக் கொடுத்து, பெண்களிடம் நிரப்பி வாங்கித் தரச் சொன்னேன். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். அந்த பஸ்ஸில் அவருக்குத் தெரியாத பெண் கிடையாது. பெண்களின் பஸ் பயணம்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. எந்த ஆய்வுமுறை என்பதை பதினொன்றாம் தேதி குழு முன்னால் சொல்லியாக வேண்டும். சரியில்லை என்றால் பதிவு ரத்து. பதிவு போனால் கல்லூரி வேலையும் போகும். நாற்பத்து நான்கு வயதில்.

4.2.2026, புதன்
அத்தனையும் வந்துவிட்டன. இரண்டே நாளில்.

5.2.2026, வியாழன்
நூற்றிருபது பேருக்கும் ‘மிகவும் திருப்தி’. உட்கார இடம் கிடைக்கிறதா? ‘எப்போதும்’. இந்த பஸ்ஸிலா? இன்றுகூட என் இடது கால் வேறு யாருடைய செருப்பின் மேலோதான் இருந்தது.

6.2.2026, வெள்ளி
ஆனந்தவள்ளியிடம் கேட்டேன்.
“நாந்தாங்க டீச்சர் எல்லாத்துக்கும் டிக் போட்டேன். இவளுங்ககிட்ட விட்டா குறையா எழுதிடுவாளுங்க. அப்புறம் நீங்க ஃபெயிலாயிட்டா?”
என் பரீட்சை என்று நினைத்திருக்கிறார். கோபப்படவும் முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் சொன்னார்.

9.2.2026, திங்கள்
நெறியாளர் பீமராவிடம் போனேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
“இவ்வளவு ஒத்துப்போற டேட்டாவ என் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா.”
“எல்லாம் ஒரே ஆள் போட்டது சார்.”
“டிக்குக்கு ஏதும்மா கையெழுத்து? புள்ளியியல் முறைன்னு எழுதிடுங்க. கமிட்டி ஒரு கேள்வி கேக்காது.”
கேட்காதுதான். அதுதான் பயமாக இருக்கிறது.

10.2.2026, செவ்வாய்
பஸ்ஸில் ஒரு வினாத்தாளை நானே நிரப்பிப் பார்த்தேன். ஆனந்தவள்ளி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததும் பேனா தானாக ‘மிகவும் திருப்தி’யில் போய் நின்றது.
“அப்படிப் போடுங்க,” என்றார்.
நான் ஏன் போட்டேன்? நானும் நின்றுகொண்டுதானே இருந்தேன்?

சாயங்காலம் வீட்டில் இவர் கேட்டார்: “என்ன முறைன்னு முடிவாயிடுச்சா?” ஆச்சு என்றேன். என்னவென்று கேட்கவில்லை, டிபன் எங்கே என்றார்.

நாளை அந்தக் கட்டைக் குழுவின் மேஜையில் வைத்து உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். புள்ளியியல் வேண்டாம். ஒரே ஒருவரைப் பற்றிய தனியாள் ஆய்வு. தினமும் நின்றுகொண்டே போகிறவர், நூற்றிருபது பேருக்கும் ஏன் உட்கார இடம் கொடுத்தார்?

ஆனந்தவள்ளியிடம்கூடச் சொல்லவில்லை. நான் ஃபெயிலாகிவிடுவேன் என்று பயந்துவிடுவார்.